பெண்கள் எவ்வளவு தூரம் ஓடலாம்?

ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பாங்கில் வாழும் நமக்குப் பொழுது வேறு விதமாக விடிகிறது. கார்கள் மட்டுமே சீறிப் பாயும் அம்பாங் - கோலாலம்பூர் மேம்பால நெடுஞ்சாலை அன்று மனிதக் கால்களுக்கு வழிவிட்டுக் கிடக்கும். தெரு விளக்குகள் இன்னும் அணைந்திரா. அந்த மங்கிய ஒளியில் ஆயிரமாயிரம் காலடிகள் மழைபோல் ஓசையிட்டுக் கொண்டு கடந்து செல்லும். அது கோலாலம்பூர் மாரத்தான் நடைபெறும் நாள். மெர்டேக்கா சதுக்கத்தில் புறப்படும் அந்த ஓட்டத்தின் பாதை பல ஆண்டுகளில் இந்த மேம்பாலத்தின் மீதே அமைந்திருந்தது.

அப்படி ஓடுகிறவர்களை உற்றுப் பார்த்தால், அவர்களுள் பெண்கள் ஏராளமானோர் இருப்பதைக் காணலாம். பள்ளி ஆசிரியைகள், தாதியர், அலுவலக ஊழியர், பேரன் பேத்தி கண்டவர்கள் என்று எல்லாரும் ஓடுகிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. சாலையோரம் நின்று கைதட்டுகிறோம். இது இயல்பான காட்சியென்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, உலகில் எந்த ஒலிம்பிக் திடலிலும் 800 மீட்டருக்கு மேல் ஓட ஒரு பெண்ணுக்கு அனுமதி இருந்ததில்லை. 800 மீட்டர் என்பது திடலை இரண்டே முறை சுற்றும் தூரம். இரண்டு சுற்றிலிருந்து 42 கிலோமீட்டருக்குப் பெண்கள் வந்து சேர்ந்த கதையையும், அதில் நம் தமிழ்ப் பெண்கள் இருவர் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் இன்று காண்போம்.

முதலில் தூரத்தைக் கண்முன் கொண்டு வருவோம். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். கிள்ளான் பட்டணத்தில் புறப்பட்டு, கூட்டரசு நெடுஞ்சாலை வழியே ஷா ஆலம், சுபாங், பெட்டாலிங் ஜெயா ஆகியவற்றைக் கடந்து, பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக்கொண்டு, தலைநகரையும் தாண்டி அம்பாங்கின் எல்லையை எட்டிப் பார்க்கும் ஒருவர் கடக்கின்ற தூரம் ஏறத்தாழ அவ்வளவு. பெட்டாலிங் ஜெயா பக்கம் வந்ததும் போதுமென்று நின்றுவிட்டால் அது அரை மாரத்தான். 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். (அம்பாங்குக்குக் கால்நடையாக வருவது புதிதன்று. 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், இரண்டு ஆறுகள் கூடுமிடம் வரை படகில் வந்து, அங்கிருந்து காட்டை ஊடுருவி நடந்தே ஈயம் தேடி இங்கு வந்து சேர்ந்தார்கள்.)

மாரத்தான் பிறந்த கதையைப் பலரும் அறிவார்கள். 1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, பழைய கிரேக்கப் போர்வீரன் ஒருவனின் நினைவாக அமைத்த ஓட்டம் அது. கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ் வென்றார். அந்தத் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரச குடும்பத்தாரின் இருக்கைக்கு முன்னால் முடியுமாறு பாதை வகுத்தார்கள். அதனால் வந்ததுதான் அந்த விசித்திரமான 195 மீட்டர். 1921-இல் அதுவே உலக அளவாக நிலைத்தது. மன்னர் வீட்டார் சௌகரியமாகப் பார்க்க வேண்டுமென்று கூட்டிய தூரத்தை இன்றைக்கும் உலகம் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது!

பலரும் அறியாத செய்தி வேறொன்று உண்டு. 1896-லேயே ஒரு பெண் ஓட வந்தாள். ஸ்டமாட்டா ரெவித்தி என்பது அவள் பெயர். ஏழைத் தாய். பந்தயத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் தனியாக அதே தூரத்தை ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்தாள். திடலுக்குள் நுழைய விடாததால் வெளியிலேயே ஓட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனை நேரத்தில் வென்றார். மறுநாள் பத்திரிகைகளோ, பெண்கள் பலர் பாதியில் சுருண்டு விழுந்ததாகவும், பார்க்கவே பரிதாபமாக இருந்ததாகவும் எழுதித் தள்ளின. இறுதி ஓட்டத்தில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். அதற்குப் படச்சுருளே சாட்சி. முடித்தபின் மூச்சு வாங்கக் கீழே சாய்ந்தவர்கள் உண்டு. ஆண்கள் சாய்ந்தால் அது வீரம், பெண்கள் சாய்ந்தால் அது பலவீனம் என்று கணக்கு. அந்தக் கணக்கின்படி 800 மீட்டர் ஓட்டத்தை நீக்கினார்கள். 1960 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை.

இங்கேதான் நம் நாட்டுப் பெண்ணொருத்தி வரலாற்றுக்குள் வருகிறார். பேராக் மாநிலத்தில் பிறந்த எம். ராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே அந்த ஆண்டில்தான். அப்படியானால் உலகம் அந்தக் கதவைத் திறந்த முதல் நாளிலேயே ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் அதன் வழியே ஓடியிருக்கிறார் என்று பொருள். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த சீப் போட்டிகளில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதும் அவரைத் தேடி வந்தது.

400, 800 மீட்டர் ஓட்டங்களில் வல்லவராக இருந்த அவருக்கு, அதைவிட நீண்ட தூரம் ஏற்றதாக இருந்திருக்குமா? அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1,500 மீட்டர் வந்தது 1972-இல். ஆற்றல் எங்கே முடிந்தது, சட்டம் எங்கே முடித்தது என்று பிரித்தறிய முடியாத காலம் அது.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் படித்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டு விழா என்றால், பையன்களுக்குத் தோட்டத்தைச் சுற்றி வரும் ஓட்டம் உண்டு. சிறுமியருக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுவதும், ஊசியில் நூல் கோப்பதும்தான். பெண் பிள்ளைகள் நெடுந்தூரம் ஓடினால் உடம்புக்கு ஆகாது, நாளைக்குப் பிள்ளைப்பேறு கெடும் என்பார்கள் பெரியவர்கள். அப்படிச் சொன்ன பெரியவர்களின் வீட்டுப் பெண்களே, இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய், நிரைநிரையாகப் பால்மரம் சீவி, தோளில் கம்பும் இருபுறமும் நிறைந்த பால் வாளிகளுமாக மேட்டிலும் பள்ளத்திலும் நாள்தோறும் நடந்தார்கள். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாய்மாரும் அவர்களில் இருந்தார்கள். அந்தத் தூரம் அவர்களுடைய உடம்புக்கு ஆகுமா என்று எந்தத் துரையும் மருத்துவரைக் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இதே கருத்து அமெரிக்காவிலும் வேறு உடையில் உலவிக் கொண்டிருந்தது. அங்கே பாஸ்டன் நகர மாரத்தான் 1897 முதல் நடைபெற்று வருகிறது. ஒலிம்பிக்குக்கு அடுத்தபடி மிகப் பழமையான பெருமை அதற்கு உண்டு. 1966-இல் பாபி கிப் என்ற இளம்பெண் அதில் ஓட விண்ணப்பித்தார். பெண்களின் உடலமைப்பு அத்தனை தூரத்தைத் தாங்காது என்று மறுப்புக் கடிதம் வந்தது. அவர் மனந்தளரவில்லை. சகோதரரின் கால்சட்டையை அணிந்து, தலையை மூடிக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்கருகே புதர் மறைவில் காத்திருந்தார். ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்தார். உடன் ஓடிய ஆண்கள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, துணை நின்றார்கள். 3 மணி 21 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

அடுத்த ஆண்டு, 1967-இல், கேத்ரின் சுவிட்சர் முதலெழுத்துகளை மட்டும் போட்டு விண்ணப்பித்து, 261 என்ற எண்ணைப் பெற்றுக்கொண்டார். சில மைல் தூரம் ஓடியதும் போட்டி அதிகாரி ஒருவர் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்து, எண்ணைப் பறிக்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார். அந்தக் கணத்தைப் படமெடுத்த பத்திரிகையாளர்கள் உலகம் முழுதும் பரப்பினார்கள். சுவிட்சர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நாம் இன்று நின்றுவிட்டால் பெண்களால் முடியாது என்ற பேச்சு உண்மையாகிவிடும் என்பது அவர் எண்ணம். அந்த ஒரு படம் செய்த வேலையை நூறு மகஜர்கள் செய்திரா என்று நமக்குத் தோன்றுகிறது.

1972-இல் பாஸ்டன் பெண்களுக்கு முறைப்படி வழிவிட்டது. எட்டுப் பெண்கள் ஓடினார்கள். நீனா குஸ்சிக் முதலாவதாக வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாரத்தானில் நடந்ததுதான் சுவையான நிகழ்ச்சி. ஆண்களோடு பெண்கள் சேர்ந்து ஓடக்கூடாது, பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்று அமெரிக்கத் திடல்தட அமைப்பு விதித்தது. துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்களும் ஓடவில்லை. தொடக்கக் கோட்டிலேயே சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான வெடி வெடித்ததும் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தையும் அதிகாரிகள் அவர்களது நேரத்தில் கூட்டினார்கள் என்றாலும், பின்னர் அந்த விதி நிற்கவில்லை. காந்தியடிகளின் உப்புப் பயணத்தை அறிந்த நமக்கு, ஓடப் பிறந்த கால்கள் உட்கார்ந்து காட்டிய எதிர்ப்பு அந்நியமாகத் தெரியவில்லை.

இதற்கிடையே கால்களே மருத்துவர்களுக்கு விடை சொல்லிவிட்டன. நோர்வே நாட்டு ஆசிரியை கிரேட்டே வைட்ஸ் 1979-இல் நியூயார்க்கில் 2 மணி 27 நிமிடங்களில் ஓடி, இரண்டரை மணிக்குள் முடித்த முதல் பெண் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம், உடல்நலமும் பயிற்சியும் உள்ள பெண்ணுக்கு நெடுந்தூர ஓட்டம் தீங்கு என்பதற்கு முடிவான சான்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. 1981-இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் பெண்கள் மாரத்தானை ஏற்றுக்கொண்டது. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதல் ஓட்டம் நடந்தது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பதினேழாம் நாள் தம் நாட்டுத் தேர்வு ஓட்டத்தில் வென்று வந்திருந்த அமெரிக்கப் பெண் ஜோன் பெனாய்ட், 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் பெற்றார்.

உலகம் அதைத்தான் முதல் என்று கொண்டாடுகிறது. ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, நம் வாசலில், ஒரு தமிழ்ப் பெண் பன்னாட்டுப் போட்டியொன்றில் மாரத்தான் தங்கத்தை அணிந்துவிட்டார். அவர் சிங்கப்பூரின் கே. ஜெயமணி.

ஜெயமணியை முதலில் அறிந்துகொண்ட நகரம் கோலாலம்பூர்தான் என்று உரிமையோடு சொல்லலாம். 1977-இல் இங்கு நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் என இரண்டு தங்கங்களை அவர் வென்றார். 3,000 மீட்டர் அப்போது ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடையாது. நம் வட்டாரத்தில் இருந்தது! சின்ன நாடுகள் கூடி நடத்துகிற போட்டிதானே என்று நினைக்கின்ற நாம், சில வேளைகளில் பெரிய உலகத்தை முந்திக்கொண்டு நடந்ததை மறந்துவிடுகிறோம். 1983 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் நடந்த சீ போட்டியில் பெண்கள் மாரத்தான் நடந்தது. ஜெயமணி 3 மணி 2 நிமிடங்களில் ஓடித் தங்கம் பெற்றார். ஹெல்சிங்கி நகரில் முதல் உலகத் திடல்தடப் போட்டி கூடி, கிரேட்டே வைட்ஸ் பெண்கள் மாரத்தானில் வென்றது அதற்குப் பின், ஆகஸ்டில்.

மூன்று மணி நேரம் என்றதும், பெனாய்ட்டின் நேரத்தோடு ஒப்பிட்டுச் சிலர் உதட்டைப் பிதுக்கக் கூடும். அவசரப்பட வேண்டாம். நம் தட்பவெப்பத்தை எண்ணிப் பாருங்கள். உடல் சூடேறும்போது வியர்க்கிறது. அந்த வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் காற்றிலோ ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் வீணே சொட்டுகிறது. தசைக்குப் போக வேண்டிய இரத்தத்தின் ஒரு பங்கைத் தோலைக் குளிர்விக்க அனுப்பிவிட்டு, இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. வேகம் தானாகக் குறைகிறது. நிலநடுக்கோட்டுக்கருகே ஓடும் மாரத்தான் ஒன்று, குளிர்நாட்டு மாரத்தானின் உடன்பிறப்பு அன்று.

இதற்குச் சான்று நம் தலைநகரிலேயே கிடைத்தது. 1998-இல் காமன்வெல்த் போட்டிகள் கோலாலம்பூரில் நடந்தன. ஆண்கள் மாரத்தானில் லெசோத்தோ நாட்டின் தாபிசோ மொகாலி 2 மணி 19 நிமிடத்தில் வென்றார். உலகின் தலைசிறந்த ஆண்கள் அப்போதே 2 மணி 7 நிமிடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிரிவில் ஆஸ்திரேலியாவின் ஹெதர் டர்லண்ட் 2 மணி 41 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அவர் நான்கு பிள்ளைகளின் தாய். பிள்ளைப்பேறு கெடும் என்ற பழைய பேச்சுக்கு நம் தெருக்களிலேயே கிடைத்த பதில் அது என்று கொள்ளலாம். அதே போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில், மாரத்தானைவிட நீண்ட தூரத்தில், நம் ஜி. சரவணன் 4 மணி 10 நிமிடத்தில் தங்கம் வென்றதையும் நினைவுகூர்வோம். காமன்வெல்த் திடல்தடப் போட்டிகளில் மலேசியாவுக்கு அதுவே முதல் தங்கம். வெயிலும் புழுக்கமும் அன்று அவருக்குப் பகையாக இல்லை, உறவாக இருந்தன போலும்.

ஆண்களைப் பற்றியும் இரண்டு சொல் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் பி. சி. சுப்பையா 1973-இல் மணிலாவில் 10,000 மீட்டர் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2014 வரை நிலைத்தது. வெறுங்காலோடு ஓடுபவர் என்று பெயர் பெற்றவர் அவர். இந்தியாவின் சிவநாத் சிங் 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எந்த இந்தியரும் முந்தாமல் இருந்தது. நம் நாட்டில் எம். ராமச்சந்திரன் 1990-களில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தலைசிறந்து விளங்கினார். இந்தியப் பெண்களுள் ஆஷா அகர்வால் 1985-இல் ஜக்கார்த்தாவில் ஆசிய மாரத்தான் தங்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மாரத்தான் இடம்பெற்றதோ அதற்கும் அடுத்த ஆண்டு, 1986-இல், சியோலில்தான்.

அரை மாரத்தானுக்கு இத்தகைய போராட்ட வரலாறு இல்லை. அது பிந்திப் பிறந்த பிள்ளை. அண்ணன்மார் பட்ட அடி அதற்குப் படவில்லை. ஒலிம்பிக்கில் அதற்கு இடம் கிடையாது. உலகப் போட்டி தொடங்கியது 1992-இல். முதலாண்டிலேயே ஆண், பெண் இருபாலாருக்கும் ஓட்டம் இருந்தது. வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு பயிற்சி செய்கிறவர்களுக்கு ஏற்ற தூரம் அது. முழு மாரத்தானுக்கு வாரந்தோறும் நீண்ட ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். அரை மாரத்தானுக்கு அதில் பாதி போதும்; பிள்ளைகள் எழுந்து பசியாறக் கேட்பதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்கிறார்கள் நம் அம்பாங் பெண்கள்.

இன்றைய வடிவிலான கோலாலம்பூர் மாரத்தான் 2009-இல் தொடங்கியது. 2015-இல் புகைமூட்டம் தலைநகரை மூடியதால் அந்த ஆண்டு ஓட்டத்தைக் கைவிட்டார்கள். மற்றபடி வெப்பத்துக்கு அஞ்சியே முழு மாரத்தானை விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு விடியலில் மேம்பாலத்தைப் பார்க்க நம்மோடு அண்டை வீட்டு மூதாட்டியும் வந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். முப்பதாண்டு பால்மரம் சீவியவர். எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்று கேட்டார். நான்கு மணி என்றோம். "நம்ப பெரட்டு நேரந்தான்," என்றார். பிறகு, ஓடுகிற பெண்களின் காலணிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.